மஞ்சள் கடுதாசி

மஞ்சளைப் போல மங்கலமான நிறம் நமக்கு வேறு இல்லை. கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் அதைத் தடவித்தான் முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் முன்னால் வைக்கிறோம். புதுக் கணக்கு எழுதும் பேரேட்டின் முதல் பக்கத்திலும் பிள்ளையார் சுழிக்குப் பக்கத்தில் மஞ்சளும் குங்குமமும் உண்டு. அப்பேர்ப்பட்ட மஞ்சளையே, விருதுநகர் பஜாரிலும் சிவகாசித் தெருக்களிலும், ஒரு வியாபாரியின் வீழ்ச்சிக்கு அடையாளமாகச் சொல்லும்படி நேர்ந்துவிட்டது. "அவருக்கென்ன, மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாரு" என்று ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால் போதும். மேலே விவரம் கேட்க மாட்டார்கள். கேட்டவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தனக்கு வரவேண்டிய பாக்கி கடன்காரர் ஜாபிதாவில் எத்தனையாவது வரி என்று பார்க்கக் கிளம்பிவிடுவான்.

சற்றுப் படித்தவர்கள் அதையே 'ஐ.பி.' என்பார்கள். இன்சால்வென்சி பெட்டிஷன் என்ற இரண்டு நீண்ட இங்கிலீஷ் வார்த்தைகளைக் கரிசல் நாக்கு இரண்டு எழுத்தாகக் கத்தரித்துக்கொண்டது. இவை தவிர திவால், நொடிப்பு, பட்டை நாமம், கடைக்குப் பூட்டு என்று இன்னும் பல சொற்கள் உண்டு. ஒரு சமூகம் எதற்கு அதிகமாகப் பயப்படுகிறதோ அதற்குத்தான் அதிகமாகப் பெயர் வைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

நான் வக்கீல் அல்ல. கல்லூரிப் பெஞ்சியில் இரண்டு வருஷம் உட்கார்ந்ததோடு சரி. ஆனால் கதை எழுதுகிறவனுக்குக் கோர்ட்டுத் தீர்ப்புகளைப் போல ருசியான வாசிப்பு வேறு கிடையாது. அதிலும் கடன் வழக்குகள். கொலை வழக்கில் மனிதன் ஒரு நிமிஷத்தில் செய்ததை விசாரிக்கிறார்கள். கடன் வழக்கில் அவன் இருபது வருஷம் வாழ்ந்ததை விசாரிக்கிறார்கள். அப்படி வாசித்ததிலும், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதிலும் சேர்ந்ததை இங்கே சொல்லுகிறேன்.

விருதுநகர் ஒரு விசித்திரமான ஊர். அங்கே விளைவது சொற்பம். ஆனால் எங்கெங்கோ விளைகிற பருப்புக்கும் மிளகாய்க்கும் எண்ணெய்க்கும் அங்கே விலை சொல்லுவார்கள். 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று தமிழ்ப் பத்திரிகைகள் தனியாகத் தலைப்புப் போட்டு அச்சிடுகின்றன. விருதுபட்டி என்ற பழைய பெயர் 1923-ல்தான் விருதுநகர் என்று மாறிற்று. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை வந்துவிட்டது. கரிசல் பருத்தி மூட்டை மூட்டையாக அங்கே வந்து ரயிலேறித் துறைமுகம் போயிற்று.

அந்த வியாபாரம் முழுவதும் கையிருப்புப் பணத்தில் நடக்கவில்லை. வாக்கில் நடந்தது. நம் பாஷையில் காசுக்கும் நாணயம் என்றே பெயர், சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம் என்றே பெயர். பஜாரில் இரண்டாவது நாணயம் இருந்தால்தான் முதல் நாணயம் கைமாறும். பருத்திக் கடையில் கணக்கு எழுதிய என் தாத்தா, "கையெழுத்து வாங்குறதே அவமரியாதைன்னு நெனச்ச காலம்ப்பா அது" என்று சொல்லுவார். அதில் பாதி, வயதானவர்கள் தங்கள் காலத்துக்குப் பூசுகிற மெருகு. மீதிப் பாதி உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த வாக்கைக் காவல் காத்தது உறவின்முறை. ராமநாதபுரம் சீமையின் ஆறு ஊர் நாடார்கள், பேட்டை கட்டி வியாபாரம் செய்த காலத்திலிருந்து வந்த ஏற்பாடு அது. விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று மகமை எடுத்துப் பொதுவில் சேர்ப்பார்கள். அதில் கிணறு வெட்டினார்கள், கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடமும் வைத்தார்கள். காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு வீடு வீடாகப் பிடி அரிசி எடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். அதே உறவின்முறைதான் பங்காளிச் சண்டை, எல்லைத் தகராறு, கடன் பாக்கி எல்லாவற்றுக்கும் கோர்ட்டு.

கடை நொடித்தவனை அங்கே எப்படி நடத்தினார்கள் என்பதைத் தாத்தா ஒருமுறை விவரமாகச் சொன்னார். நொடித்தவர் தாமே வந்து சாவிக் கொத்தைப் பெரியவர்கள் முன்னால் வைத்துவிட வேண்டும். "அண்ணாச்சி, இனி என்னால முடியலை" என்பதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை. பேரேட்டை ஒருவர் வாசிப்பார், இன்னொருவர் சரக்கை எண்ணுவார். ரூபாய்க்கு ஆறணா தேறும், எட்டணா தேறும் என்று கணக்குப் போட்டு, கடன் கொடுத்தவர்களைச் சம்மதிக்க வைப்பார்கள். நொடித்தவர் கள்ளமில்லாதவர் என்று பட்டால், வேறொருவர் கடையில் நிறுவைக்கு நிற்க அவருக்கு இடம் வாங்கித் தருவார்கள். நேற்றுவரை முதலாளியாக இருந்தவர் தராசு பிடிப்பார். ஊர் அதைப் பார்க்கும்; பார்த்தும் பாராததுபோல் போகும். தண்டனையும் அதுதான், மன்னிப்பும் அதுதான்.

இதைக் கேட்டு உருகிவிட வேண்டாம். அந்தச் சபையில் உட்கார இடம் கிடைத்தது ஒரு ஜாதியாருக்கு மட்டும். பருத்தி போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்த சம்சாரிக்கு அங்கே பாய் கிடையாது. மூட்டை தூக்கியவனுக்கும் கிடையாது. அவர்கள் கடன் எங்கே எழுதப்பட்டது, எப்படிக் கழிந்தது என்பது எந்தப் பேரேட்டிலும் அகப்படாது. இதைப் பிறகு சொல்லுகிறேன்.

உறவின்முறை இப்படி நொடிப்புகளைத் தீர்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே, சென்னைப் பட்டணத்தில் பாரிஸ்டர்களுடைய ராஜ்யம் நடந்துகொண்டிருந்தது. லண்டனில் 'இன்' என்கிற நான்கு பழைய சங்கங்களில் ஏதாவது ஒன்றில் சேர்ந்து, பரீட்சை எழுதி, அதோடு அந்தச் சங்கத்தின் கூடத்தில் இத்தனை விருந்து சாப்பிட்டேன் என்று கணக்கும் காட்டினால்தான் பாரிஸ்டர் ஆகலாம். சாப்பிட்டே பட்டம் வாங்கலாம் என்ற இந்த ஏற்பாடு நம் ஊர் எவருக்காவது தோன்றியிருந்தால் அவரைச் சிரித்தே விரட்டியிருப்பார்கள்! ஹைக்கோர்ட்டின் ஒரிஜினல் சைடில், அதாவது பட்டணத்துப் பெரிய வியாபார வழக்குகள் நேராக வந்து விழுகிற இடத்தில், கட்சிக்காரன் பாரிஸ்டரை நேரில் பார்த்துப் பேரம் பேச முடியாது. நடுவில் அட்டர்னி இருப்பார். கட்சிக்காரனின் கதையைக் காகிதமாக்கி, மடித்து, நாடா கட்டி அவர் கொடுத்தால் பாரிஸ்டர் வாங்கிக்கொள்வார். பாரிஸ்டர், வக்கீல், பிளீடர் என்ற இந்தப் படிக்கட்டெல்லாம் சமனாகி எல்லாரும் அட்வகேட் ஆனது 1961-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகுதான்.

இந்தப் பாரிஸ்டர் உலகத்தையே உலுக்கிய நொடிப்பு 1906 அக்டோபர் 22-ந்தேதி வந்தது. அன்று திங்கட்கிழமை. ஆர்பத்நாட் கம்பெனி கதவை அடைத்தது. பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்று சென்னையை ஆண்ட மூன்று வெள்ளைக்கார வியாபார ஸ்தாபனங்களில் ஒன்று அது. பாங்கியும் நடத்தியது. வெள்ளைக்காரன் கையில் கொடுத்த பணம் பாறைமேல் வைத்த பணம் என்று நம்பிப் பென்ஷன்காரர்கள், விதவைகள், குமாஸ்தாக்கள், நிலம் விற்றவர்கள் எல்லாரும் அதில் போட்டிருந்தார்கள். லண்டனில் அதன் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளி மக்ஃபாடியன், இரண்டு நாள் முன்னதாகவே ரயிலின் முன்னால் விழுந்து உயிரை விட்டிருந்தார். பணம் போன வழி பிறகு தெரிந்தது. போட்டவர்களுடைய பணத்தை எடுத்துத் தூர தேசத்து ஊக வியாபாரங்களில் இறைத்திருந்தார்கள்.

சென்னைப் பட்டணத்தில் சர் பட்டம் பெற்ற ஒரு வெள்ளைக்கார முதலாளியை இன்சால்வென்சிக் கோர்ட்டில் நிறுத்துவதென்பது சாதாரணக் காரியமா? அதைச் செய்ய முன்வந்தவர் லண்டன் விருந்து சாப்பிட்ட பாரிஸ்டர் அல்ல. மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர். பணம் இழந்த இந்தியர்களுக்காக அவர் வாதாடினார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 1907-ல் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. ஐயர் அதோடு நிற்கவில்லை. நம்முடைய பணத்துக்கு நம்முடைய பாங்கி வேண்டும் என்று ஆள் சேர்த்து, முதல் சேர்த்தார். இந்தியன் பாங்கி 1907 மார்ச்சில் பதிவாகி, அதே வருஷம் ஆகஸ்டு 15-ந்தேதி வேலை தொடங்கிற்று. நாற்பது வருஷம் கழித்து அந்தத் தேதிக்கு வேறொரு பெருமை வரப்போகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்?

ஆர்பத்நாட் கதவை அடைப்பதற்கு ஆறு நாள் முன்னால், அக்டோபர் 16-ந்தேதி, நம் தென்கோடியில் ஒரு கதவு திறந்தது. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம். இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்கு. வ. உ. சிதம்பரம் பிள்ளை அதன் உயிர். தலைவராக இருந்தவர் பாண்டித்துரைத் தேவர். அவருடைய பாலவநத்தம் விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் என்றே அவரை நாம் பாராட்டுகிறோம். கப்பல் கம்பெனிக்குத் தலைவராக உட்கார்ந்ததை ஏனோ விட்டுவிடுகிறோம். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் ஒருவரே எட்டாயிரம் பங்குகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தார். போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது. 1908-ல் வ. உ. சி.யைச் சிறையில் தள்ளினார்கள். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இரண்டு நொடிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று ஊரார் பணத்தைச் சூதாடித் தோற்றது. மற்றது, அரசாங்கமே கழுத்தைப் பிடித்து நெரித்ததால் மூச்சு நின்றது. சட்டப் புத்தகத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சடங்குதான். சொத்தை எண்ணு, விற்று வீதப்படி பிரித்துக் கொடு. கடன் எப்படி வந்தது என்பதைவிட எவ்வளவு இருக்கிறது என்பதே சட்டத்துக்கு முதல் கேள்வி. உறவின்முறைப் பெரியவர்கள் அந்தக் கேள்விகளைத் தலைகீழாகக் கேட்டார்கள். எது நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் வ. உ. சி. சிறையிலிருந்து வெளியே வந்து, பிளீடர் சன்னதையும் இழந்து, அரிசிக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் வைத்துத் திண்டாடி, வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் தயவால் சன்னது திரும்பக் கிடைத்துக் கோவில்பட்டியில் சில காலம் வக்கீல் தொழில் பார்த்ததை நினைக்கும்போது, சட்டம் அந்த முதல் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டிருக்கலாம் என்று தோன்றத்தான் செய்கிறது.

ஆர்பத்நாட் விழுந்த அடுத்த மூன்று வருஷங்களுக்குள் இரண்டு நொடிப்புச் சட்டங்கள் வந்தன. 1907-ல் வெளியூர்களுக்கு ஒன்று. 1909-ல் சென்னை, பம்பாய், கல்கத்தாவுக்கு ஒன்று. வெளியூர்ச் சட்டத்தைத் திருத்தி 1920-ல் மறுபடி எழுதினார்கள். நம் மஞ்சள் கடுதாசி அந்த 1920-ம் வருஷத்துச் சட்டத்தின் பிள்ளை. ஒருவன் என்னென்ன செய்தால் அவனை நொடித்தவனாகக் கருதலாம் என்று அதில் ஒரு வரிசை இருக்கிறது. ஒரு நாவலுக்கு வேண்டிய அத்தியாயங்கள் அத்தனையும் அந்த வரிசையில் இருக்கின்றன. கடன்காரனுக்குப் பயந்து வீட்டை விட்டுப் போவது; வீட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்வது; சொத்தை வேறு பேருக்கு மாற்றுவது; இனி என்னால் கடன் கொடுக்க இயலாது என்று கடன்காரனுக்கு நோட்டீஸ் கொடுப்பது. இந்தக் கடைசி நோட்டீஸைத்தான் நம் ஜனங்கள் மஞ்சள் பூசி ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிவகாசிக்காரரோ விருதுநகர்க்காரரோ இந்தக் காரியத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும். விருதுநகர் 1985-ல் தனி ஜில்லாவாயிற்று. கலெக்டர் கச்சேரி விருதுநகரில் அமைந்தாலும் ஜில்லாக் கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். ஆண்டாள் கோயில் கோபுரம் தூரத்திலேயே தெரியும். கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ!

நொடித்தவர் என்று கோர்ட்டு தீர்த்து உத்தரவு போட்டதும் அவருடைய சொத்தெல்லாம் கோர்ட்டுக்கோ, அது நியமிக்கிற ரிசீவருக்கோ போய்ச் சேருகிறது. எதெல்லாம் போகாது என்பதுதான் மனத்தைத் தொடுகிற இடம். உடுக்கிற துணி, சமைக்கிற பாத்திரம், படுக்கிற பாய், தொழிலாளியின் கருவி இவற்றைத் தொடக்கூடாது. மத வழக்கப்படி ஒரு ஸ்திரீ எந்த நகையைக் கழற்றலாகாதோ அதையும் தொடக்கூடாது. சிவில் சட்டத்தின் அந்த உபபிரிவை எழுதியவன் தாலி என்ற வார்த்தையைக் கேட்டிருக்கிறானோ இல்லையோ, தாலியைக் காப்பாற்றிவிட்டான்.

கடனுக்காக ஆளைச் சிறையில் போடுவதும் அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். ஆனால் கைதிக்குச் சாப்பாட்டுச் செலவை, பத்தாப் பணம் என்று, கடன் கொடுத்தவனே கோர்ட்டில் கட்ட வேண்டும். கொடுத்த கடனும் போய், மேலே சோறும் போடுகிற நிலை. முதல் மாதக் கோபம் இரண்டாவது மாதப் பத்தாவில் தணிந்துவிடும் என்று தாத்தா சிரிப்பார்.

சட்டத்துக்கு நம்மவர்களைப் பற்றி நல்ல ஞானமும் இருந்தது. மனுவுக்கு முந்திய இரண்டு வருஷத்துக்குள் பெண்டாட்டி பேருக்கு எழுதி வைத்த வீட்டை ரத்துச் செய்யலாம். மனுவுக்கு முந்திய மூன்று மாதத்தில் மற்றக் கடன்காரர்களை விட்டுவிட்டு மைத்துனன் பாக்கியை மட்டும் தீர்த்திருந்தால் அதையும் திருப்பலாம். மைத்துனன் என்ற சொல் சட்டத்தில் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டுகளைப் புரட்டினால் அவன் தலை அடிக்கடி தெரிகிறது.

தகப்பன் கடன் விஷயத்தில் சட்டமும் சாஸ்திரமும் கைகோத்துக்கொண்டன. கூத்தியாளுக்கும் சூதுக்கும் வாங்கின கடன் அல்லாமல், தகப்பன் நியாயமாகப் பட்ட கடனைக் குடும்பச் சொத்தில் தன் பங்கிலிருந்து தீர்ப்பது மகனுடைய தர்மம் என்பது பழைய ஹிந்து சட்டம். அதனால் ஒருவர் மஞ்சள் கடுதாசி கொடுத்தால் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பையனின் பங்குக்கும் ஆபத்து. தகப்பன் வாங்கின கடன் தொழிலுக்கா, தாசிக்கா என்று கோர்ட்டில் வாதாட வேண்டி வரும். சொத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் மகனே கூண்டில் ஏறித் தகப்பனை ஒழுக்கங்கெட்டவன் என்று நிரூபிக்க வேண்டும். எந்தக் கதாசிரியனும் இதைவிடக் கொடுமையான காட்சியைக் கற்பனை செய்ய முடியாது. 2005-ம் வருஷத்துத் திருத்தம் மகன், பேரன், கொள்ளுப்பேரன் மூவரையும் அதன்பின் ஏற்படுகிற கடன்களுக்கு இந்தப் பொறுப்பிலிருந்து விடுவித்தது.

இனி சிவகாசிக்கு வருவோம். அ. சண்முக நாடாரும் பி. அய்ய நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸ் தோன்றிற்று. தொழிற்சாலையை ஆபீஸ் என்பது இந்தச் சீமை வழக்கு. தீப்பெட்டிக்குப் பின் பட்டாசு, பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் வேண்டுமே என்று அச்சகம், அச்சகத்திலிருந்து காலண்டர். மழையில்லாத பூமி, தீக்குச்சி உலர்வதற்கு வாகான வெயிலைத் தந்தது. ஊரைப் பிடித்த வறட்சியே ஊருக்கு முதலாயிற்று.

ஆனால் பட்டாசு வியாபாரத்தைப் போல நொடிப்புக்கு வசதியான வியாபாரம் இன்னொன்று இல்லை. வருஷம் முழுவதும் கூலி கொடுத்துச் செய்து, சரக்கை வடக்கே கடனுக்கு அனுப்பி, ஒரே ஒரு பண்டிகையில் எரித்துத் தீர்ந்த பிறகு காசு வர வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் அடைமழை பிடித்தால் கடைக்காரன் கையை விரிப்பான். அவன் விரித்தால் ஏஜண்டு விரிப்பான். சிவகாசி முதலாளிக்கு விரிக்கக் கைதான் மிஞ்சும். இதற்கு மேல் நெருப்பு.

நெருப்புக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள உறவைப் பற்றி லண்டனில் ஒரு பழைய வழக்கு உண்டு. வியாபாரச் சட்டம் படிக்கிற எவரும் தப்ப முடியாத வழக்கு. டெய்லர் என்பவர் 1861-ல் ஒரு பெரிய சங்கீத மண்டபத்தையும் தோட்டத்தையும் நான்கு நாளைக்கு, நாளொன்றுக்கு நூறு பவுன் வாடகையில், கால்ட்வெல் என்பவரிடம் பேசிக்கொண்டார். கச்சேரி, கயிற்றின்மேல் நடக்கிற வித்தை, படகு என்று போகிற நிகழ்ச்சிப் பட்டியலில் வாணவேடிக்கையும் இருந்தது! முதல் நாளுக்கு ஆறு நாள் முன்னதாக மண்டபம் யார் குற்றமுமின்றி எரிந்துபோயிற்று. நஷ்டஈடு கேட்டார் டெய்லர். மண்டபமே ஒப்பந்தத்தின் ஜீவன். ஜீவன் போனபின் இருவருக்கும் விடுதலை என்று 1863-ல் நீதிபதி பிளாக்பர்ன் சொன்னார். நம் நாட்டு 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவும் அந்தக் கருத்தையே சொல்லுகிறது.

கேளிக்கைத் தொழிலுக்கு இந்தப் பிரிவு எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பதைத் தமிழ்நாடு 1944-ல் கண்டது. அந்த வருஷத் தீபாவளிக்கு எம். கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' வெளிவந்தது; சென்னையில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளியைப் பார்த்த படம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, டிசம்பரில், லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். அவர்கள் பக்கம் வாதாடியவர்களில் பெயர் நிற்பவர் பாரிஸ்டர் வி. எல். எதிராஜ். ஆயுள் தண்டனை, பிரிவி கவுன்சில், மறு விசாரணை, 1947 ஏப்ரலில் விடுதலை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை. வெளியே இருந்த பட முதலாளிகளின் கதையை யாரும் சொல்வதில்லை. பாகவதர் பாடி நடிப்பார் என்ற ஒரே நம்பிக்கையில் முன்பணம் கொடுத்துச் செட்டுப் போட்டவர்கள் என்ன செய்வார்கள்? எரிந்துபோன மண்டபத்துக்கும் உள்ளே போன நடிகருக்கும் வியாபாரத்தில் என்ன வித்தியாசம்? 'உதயணன்' அவருக்குப் பதில் ஜி. என். பாலசுப்பிரமணியத்தை வைத்து எடுக்கப்பட்டது. விடுதலையான பாகவதர் தாமே எடுத்த 'ராஜமுக்தி' 1948-ல் வெளிவந்து ஓடவில்லை. குரல் போகவில்லை, அந்த மூன்று வருஷத்தில் காலம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அதற்கு எந்தச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது?

சிவகாசி முதலாளி மட்டும் டெய்லர் வழக்கைக் காட்டித் தப்ப முடியாது. மண்டபம் உலகத்தில் ஒன்றுதான்; சரவெடி அப்படியல்ல. என் ஆபீஸ் எரிந்துவிட்டது என்றால், பக்கத்து ஆபீஸில் வாங்கிக் கொடு என்று சட்டம் சொல்லும். ஆகவே தீ விபத்தில் சரக்கும் போய், அனுப்பாத சரக்குக்கு நஷ்டஈடும் ஏறி, மஞ்சள் கடுதாசிக்கு வழி பிறக்கும்.

முதலாளியின் நஷ்டத்தைப் பற்றியே இத்தனை நேரம் பேசிவிட்டேன். தீயில் போகிறது சரக்கு மட்டுமா? முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ந்தேதி ஒரே விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் கருகிப் போனார்கள். உறவின்முறைச் சபையில் பாய் கிடைக்காதவர்களைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன் என்றேனே, அவர்கள் இவர்கள்தாம்.

1920-ம் வருஷத்துச் சட்டம் அவர்களை முற்றிலும் மறந்துவிடவில்லை. நொடித்தவன் சொத்தை விற்று வருகிற பணத்தில் சர்க்கார் பாக்கியோடு சேர்த்து முதல் வரிசையில் தொழிலாளியின் கூலியையும் வைத்தது. எவ்வளவு தெரியுமா? கடைசி நான்கு மாதக் கூலிக்கு, மொத்தத்தில் இருபது ரூபாய்க்கு மேற்படாமல். அதற்கு மேல் இருந்தால் அந்தக் குமாஸ்தாவும் கூலியாளும் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நின்று வீதம் வாங்க வேண்டியதுதான். 1923-ல், சிவகாசியில் தீப்பெட்டி பிறந்த அதே வருஷத்தில், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்து, வேலையில் கை கால் போனவனுக்கும் செத்தவன் குடும்பத்துக்கும் சேர வேண்டிய தொகையை அந்த முதல் வரிசையில் கொண்டுவந்து சேர்த்தது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் வரிசையில் நிற்க ஒரு ரசீது வேண்டும். ரோலில் பேர் வேண்டும். வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டினவளுக்கும், கட்டை அடுக்கினவளுக்கும் ஏஜண்டின் சிட்டையில் இத்தனை குரோஸ், இத்தனை கட்டை என்று ஒரு கோடு இருந்தால் உண்டு.

சரி, அவளே கடன்பட்டால்? அவளும் மஞ்சள் கடுதாசி கொடுத்துக் கழித்துவிடலாமா? அந்தச் சட்டப்படி மனுப் போட வேண்டுமானால் ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாத கடன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடனுக்காகச் சிறையிலோ ஜப்தியிலோ அகப்பட்டிருக்க வேண்டும். சட்டம் வந்த காலத்தில் ஐந்நூறு ரூபாய்க் கடன் என்பது ஒரு சொந்தக்காரனுடைய அந்தஸ்து. கூலிக்காரிக்கு அவ்வளவு கடன் யார் கொடுப்பார்கள்? அவள் நொடிக்கவும் தகுதியில்லாதவளாக இருந்தாள். 1938-ல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும் நிலத்தோடு சம்பந்தம் உள்ளவர்களுக்கே உதவிற்று. அரசியல் சட்டம் விடுதலை பெறாத நொடிப்பாளி எம்.எல்.ஏ. ஆகக்கூடாது என்று விதித்திருக்கிறது. அந்தக் கவலையும் அவளுக்கு இல்லை.

2016-ல் நொடிப்புகளுக்கெல்லாம் சேர்த்துப் புதிய கோடு ஒன்று வந்தது. கம்பெனி நொடித்தால் தொழிலாளியின் இருபத்துநான்கு மாதப் பாக்கியை, அடமானம் வைத்துக் கடன் கொடுத்த பாங்கிக்குச் சமமான வரிசையில் அது வைக்கிறது. இருபது ரூபாயிலிருந்து இது பெரிய தூரந்தான். ஆனால் தனியாளும் கூட்டாளிகளும் நடத்துகிற சிறு தொழில்களைப் பற்றிய பாகத்தை, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் அளவில் மட்டும் 2019 டிசம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். கரிசல் காட்டில் இருக்கிற ஆபீஸ்களில் எத்தனை கம்பெனி, எத்தனை தனியாள் என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் கோடு எட்டிய தூரம் தெரியும்.

2018 அக்டோபர் 23-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு பேரியம் சேர்ந்த பட்டாசுக்குத் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து பட்டாசு ஆபீஸ்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்தச் சமயத்தில் சிவகாசிக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பலசரக்குக் கடையில் நான் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரருடைய கையகல நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம். அரிசி, எண்ணெய், சீயக்காய் என்று வரிகள் கீழே இறங்கிக்கொண்டே போயின. "இத்தனை பாக்கியும் வருமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் நோட்டை மூடாமலேயே, "ஆபீஸ் தொறக்கட்டும், வாராவாரம் சனிக்கிழமை கொண்டாந்து குடுத்துருவாங்க. இவுகளுக்கெல்லாம் மஞ்சக் கடுதாசி எழுதத் தெரியாதுல்லா" என்றார். அப்போது ஒரு பெண் வந்து அரைக் கிலோ பருப்புக் கேட்டாள். அவர் நிறுத்துக் கொடுத்து, அவள் பக்கத்தைத் தேடி எடுத்து, இன்னொரு வரி எழுதினார்.